கட்டை கட்டியவர் நடத்திய பள்ளி

அடி அண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்கள் தொடங்கி செய்யாறு, காஞ்சிபுரம் வரை, கூத்துக் கற்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவது நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் பருவத்தில் ஜமா எனப்படும் கூத்துக் குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். இரவெல்லாம் விழித்த பிள்ளை காலையில் வகுப்பில் எப்படி உட்காரும்? பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் பத்து வயதில் படிப்பை விட்டுத் தந்தை பொன்னுசாமியின் குழுவில் சேர்ந்தவர்தான். பெரிய வேடக்காரராக அவரைப் போற்றுகிறவர்கள் உண்டு, அது நியாயமே. ஆனால் தன் பத்து வயதில் கிடைக்காமல் போனதை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கச் செய்ததே அவருடைய தலையாய சாதனை என்பேன்.

1990இல் கூத்துக் கலைஞர்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். 'தெருக்கூத்து' என்ற பெயரில் உள்ள 'தெரு' இளக்காரமாகிவிட்டதால், கிரீடம், புஜக்கட்டை முதலிய மர அணிகளைக் குறிக்கும் 'கட்டைக்கூத்து' என்ற பெயரை வலியுறுத்தினார். பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. கூலி பேசும்போது மரியாதைக்கும் விலை உண்டு. 2002இல் அவரும் அவருடைய மனைவி, நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பள்ளிப் பாடம், அடவு, பாட்டு, மிருதங்கம், முகவீணை எல்லாம் ஒரே வளாகத்தில். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கலையில் சிறுமிகளுக்கும் இடம் கொடுத்தார்கள்.

கூத்தை வகுப்பறையில் வளர்க்க முடியாது, ஊர்க்களத்தில் கண் விழித்துத்தான் கற்க வேண்டும் என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் தூங்கி வழியும் கூட்டத்தை எழுப்பும் குரலைக் களம்தான் தரும். ஆனால் குருகுலத்துப் பிள்ளைகளும் மேடை ஏறியே கற்றார்கள். நீக்கப்பட்டது படிப்பின் இழப்பு மட்டுமே. பெண்கள் வந்தால் மரபு கெடும் என்பது அடுத்த மறுப்பு. துகில் உரியப்படும் திரௌபதியின் கோபத்தைப் பாட ஒரு பெண்ணுக்குத் தகுதியில்லை என்று சொல்லும் மரபு, தன் கதையையே சரியாகக் கேட்கவில்லை. அங்கே பயின்ற திலகவதி பழனி இன்று பெண்களைக் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறார். விவாதத்துக்கு அதுவே பதில்.

குருகுலம் 2020இல் மூடப்பட்டுவிட்டதே, அப்படியானால் தோல்விதானே என்று கேட்கலாம். பள்ளி நடத்தப் பணமும் ஆளும் இடைவிடாமல் வேண்டும். அந்தச் சுமையை ஒரு கலைஞரும் ஓர் ஆய்வாளரும் பதினெட்டு ஆண்டுகள் சுமந்தார்கள். முடிந்துபோனதைவிட, அதைத் தூக்கிப் பிடிக்க நாம் எவரும் கை நீட்டாததே எனக்கு வலிக்கிறது. 2024இல் 'ஜமா' படம் வந்தபோது கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கையைத் திரையில் பார்த்து நெகிழ்ந்தோம். அந்த நெகிழ்ச்சி பள்ளிக்கூட வாசல் வரையாவது வர வேண்டும். புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற மேதைகள் வாழ்ந்தது திருவண்ணாமலை மாவட்டம். கூத்து வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்து அரசுப் பள்ளிகளுக்குள் அழைத்து வாருங்கள். அடி அண்ணாமலையிலிருந்தே தொடங்கலாம்.