பென்சிலின் எங்கே போனது?

பெட்டிக்குள் பெட்டியைச் சேர்க்கும்போது கம்ப்யூட்டரில் நடக்கும் விபரீதம்

ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

"என் போன் நம்பர் மாறிவிட்டது. புது நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

குமாஸ்தா கம்ப்யூட்டரில் புது நம்பரைத் தட்டுகிறார். "ஆயிற்று, அம்மா!" என்கிறார்.

மறுநாள் அந்த அம்மாளின் விவரத்தைத் திறந்து பார்த்தால், புது நம்பர் இருக்கிறது. ஆனால் தெருப் பெயரைக் காணோம்! ஊர்ப் பெயரைக் காணோம்! கதவு எண்ணையும் காணோம்!

யாரும் அழிக்கவில்லை. திருடன் வரவில்லை. கம்ப்யூட்டரும் பழுதாகவில்லை.

பிறகு எப்படி மறைந்தன?

இது கற்பனைக் கதைதான். ஆனால் நடக்கக்கூடிய கதை. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்களில் இது ஒன்று.

அஞ்சறைப் பெட்டி

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர்தான் நினைவுக்கு வருவார். கம்ப்யூட்டர் உலகிலும் சர்வர் உண்டு. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் அதற்கும் வேலை. நாம் தட்டும் விவரத்தை வாங்கி, பழைய விவரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதும் அதுவே.

விவரங்களை அது எப்படி வைக்கிறது? பெட்டிக்குள் பெட்டியாக!

'நோயாளி' என்று ஒரு பெரிய பெட்டி. அதற்குள் 'பெயர்' ஓர் அறை. 'முகவரி' என்பது உள்ளே இன்னொரு பெட்டி. அந்த முகவரிப் பெட்டிக்குள் கதவு எண், தெரு, ஊர், போன் என்று நான்கு அறைகள். இப்படிப்பட்ட பெட்டியை 'ஆப்ஜெக்ட்' என்கிறார்கள்.

இப்போது உங்கள் சமையலறைக்கு வாருங்கள். அலமாரியில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. மிளகு மட்டும் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் மிளகு மட்டும் போட்ட வேறோர் அஞ்சறைப் பெட்டியை அனுப்புகிறார்.

நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டியைத் திறந்து, மிளகை மட்டும் எடுத்து, மிளகு அறையில் கொட்டுவீர்கள்.

புத்தியில்லாத வேலைக்காரன் என்ன செய்வான்? பழைய பெட்டியைத் தூக்கி எறிவான். புதுப் பெட்டியை அலமாரியில் வைப்பான். மிளகு வந்துவிட்டது. கடுகும் சீரகமும் போய்விட்டன!

ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். புது நம்பர் மட்டும் உள்ள முகவரிப் பெட்டி வந்தது. பழைய முகவரிப் பெட்டியை அப்படியே எடுத்துவிட்டு, புதியதை அங்கே வைத்துவிட்டது சர்வர்.

இதற்கு 'மேலோட்டமான சேர்ப்பு' என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உள்ள 'ஆப்ஜெக்ட் அசைன்' என்ற கட்டளை இப்படித்தான் வேலை செய்கிறது. அது கட்டளையின் குற்றம் அல்ல. அதன் குணம் அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பெட்டியையும் திறந்து, அடிவரை போய், அந்தந்த அறையில் மட்டும் மாற்றுவதற்கு 'ஆழமான சேர்ப்பு' என்று பெயர். அதைச் செய்திருந்தால் தெருவும் ஊரும் தப்பியிருக்கும்.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை! இனிமேல்தான் பெரிய ஆபத்து.

மருந்து வரிசை

அதே அம்மாளுக்குச் சில மருந்துகள் ஆகாது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவை வரிசையாக இருக்கின்றன. முதலாவது பென்சிலின். இரண்டாவது ஆஸ்பிரின்.

சல்ஃபா மருந்தும் ஆகாது என்று டாக்டர் புதிதாகக் கண்டுபிடிக்கிறார். 'சல்ஃபா' என்ற ஒரு பெயர் மட்டும் சர்வருக்குப் போகிறது. சர்வர் அதை எப்படிச் சேர்ப்பது?

பெட்டியில் ஒவ்வோர் அறைக்கும் பெயர் உண்டு. வரிசையில் பெயர் கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் என்றுதான் உண்டு. ஆகவே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: இடத்துக்கு இடம் மாற்றுவது. புது வரிசையின் முதல் இடத்தில் சல்ஃபா. அது பழைய வரிசையின் முதல் இடத்தில் போய் உட்காருகிறது. முடிவு: சல்ஃபா, ஆஸ்பிரின். பென்சிலின் எங்கே? போய்விட்டது!

நினைத்துப் பாருங்கள். நாளை வேறொரு டாக்டர் அந்த விவரத்தைப் பார்க்கிறார். பென்சிலின் ஆகாது என்று அதில் இல்லை. ஊசி போட எடுக்கிறார். உயிரே போகக்கூடிய விஷயம் அல்லவா?

இரண்டாவது வழி: பழைய வரிசையை முழுதும் எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. அப்போது சல்ஃபா மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது வழி: பழையதன் வாலில் புதியதை ஒட்டுவது. மூன்று மருந்தும் இருக்கும். சபாஷ்! ஆனால் குமாஸ்தா கைதவறி இரண்டு தடவை அனுப்பினால், சல்ஃபாவும் இரண்டு தடவை ஏறும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்கிறது என்று பிறகு தெரிந்தால், அதை நீக்கவும் முடியாது. ஒட்டத் தெரிந்த கைக்குப் பிய்க்கத் தெரியாது!

ஊருக்கு ஒரு வழக்கம்

எது சரியான வழி? இதைக் கம்ப்யூட்டர் தானாக அறியாது. மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். மனிதர்களும் ஆளுக்கு ஒரு விதமாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பலர் பயன்படுத்தும் 'லோடாஷ்' என்ற கருவிப் பெட்டியில் 'மெர்ஜ்' என்று ஒரு கட்டளை. அது முதல் வழியில் போகிறது.

பி.எச்.பி. மொழியில் இரண்டு கட்டளைகள். 'அரே மெர்ஜ் ரிகர்சிவ்' என்பது பழைய நம்பரையும் புது நம்பரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். 'அரே ரிப்ளேஸ் ரிகர்சிவ்' என்பது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பெயரில் சிறு வேற்றுமை. பலனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை!

இணையத்துக்கு விதிகள் வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, 2014-ம் ஆண்டில் இதற்கு ஒரு விதியை வெளியிட்டது. அதன் எண் 7396. பெட்டி வந்தால் உள்ளே போய்ச் சேர்க்க வேண்டும். வரிசை வந்தால் முழுதாக மாற்ற வேண்டும். 'ஒன்றுமில்லை' என்ற குறி வந்தால் அந்த அறையையே நீக்க வேண்டும். இந்த விதிப்படி நடந்தால், ஆகாத மருந்து எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே விதி தெரிந்திருப்பதே இதில் உள்ள நன்மை.

பின்வாசல் வழியே வந்தவன்

ஆழமாகச் சேர்ப்பதில் இன்னோர் அபாயமும் உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் பிறந்த மொழி. 2009-ல் 'நோட்' வந்தபிறகு சர்வர் வேலைக்கும் அது பெரிதாகப் பரவியது. அந்த மொழியில் சாதாரணப் பெட்டிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு மூதாதைப் பெட்டி உண்டு. ஒரு பொருள் தன்னிடம் இல்லாவிட்டால், பெட்டி அந்த மூதாதையிடம் போய்த் தேடும்.

அந்த மூதாதையிடம் போக 'புரோட்டோ' என்று ஒரு ரகசியக் கதவு. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு அந்தப் பெயரை எழுதுவார்கள். ஒரு போக்கிரி அந்தப் பெயருள்ள அறையில், 'இவர் அதிகாரி' என்ற சீட்டை வைத்து அனுப்புகிறான். சர்வர் சந்தேகப்படாமல் உள்ளே உள்ளே போய்ச் சேர்க்கிறது. சீட்டு மூதாதைப் பெட்டியில் விழுந்துவிடுகிறது. அந்தச் சீட்டைத் தனியாக வைத்திராதவர் எல்லோரும் அதன்பிறகு அதிகாரிகளாகத் தெரிவார்கள்!

இந்தத் தாக்குதலைப் பற்றி ஒலிவியே ஆர்தோ என்ற ஆராய்ச்சியாளர் 2018-ம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் விரிவாகப் பேசினார். லோடாஷ் 2018-ல் திருத்தப்பட்டது. 2019-ல் அதே மாதிரி இன்னொரு வழி தெரியவந்து, மறுபடியும் திருத்தப்பட்டது. 'ஜேக்வெரி' என்ற பிரபலமான கருவியும் 2019-ல் திருத்தப்பட்டது.

தப்பிக்க வழி என்ன? வந்ததையெல்லாம் சேர்க்கக்கூடாது. எந்தெந்த அறையை மாற்றலாம் என்று முன்பே பட்டியல் போட்டு, அதில் உள்ளதை மட்டும் சேர்க்க வேண்டும். மருந்து வரிசை போன்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, 'சேர்', 'நீக்கு' என்று தனித்தனியாக உத்தரவு போட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

புரோகிராம் எழுதுவது நம் வேலை அல்ல. ஆனாலும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு.

எங்கேயாவது போன் நம்பரையோ முகவரியையோ மாற்றினால், மாற்றியதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மாற்றாதது அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகாத மருந்தின் பெயரை டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"ஆயிற்று, அம்மா!" என்று குமாஸ்தா சொன்னால், "மற்றதெல்லாம் இருக்கிறதா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றலாம்!