ஆறில்லாத நாட்டில் பன்னிரண்டு நாள்

மாலத்தீவு என்றதும் சினிமாப் பாட்டில் வரும் நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் உங்கள் மனக்கண்ணில் ஓடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. ஆனால் போன விடுமுறையில் நான் போய் இறங்கியது உல்லாச விடுதியில் இல்லை. தாய்மாமா வேலை பார்க்கிற தண்ணீர் நிலையத்தில்!

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. தலைநகர்த் தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம். விமான நிலையம் பக்கத்துத் தீவில் இருக்கிறது. 2018-இல் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து படகில்தான் ஊருக்குள் வரவேண்டும். நாடு முழுக்கச் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பது ஏறத்தாழ 200-இல் மட்டும். மலை கிடையாது, ஆறு கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. நம்ம ஒர்க்‌ஷாப் கதவே அதைவிட உயரம்!

மாமா இருக்கும் தீவை அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். படகுக்குப் பெயர் 'தோனி'. நம்ம தோணியேதான். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய நாற்காலி வீட்டுக்கு வீடு இருக்கும். அதன் பெயர் 'ஜோலி'. நமக்கு ஜோலி என்றால் வேலை. அங்கே சாயங்காலம் வேலையில்லாமல் சாய்ந்து கிடக்கிற இடம்! எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவையாம். வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். பன்னிரண்டு நாளில் ஒரு தெருநாயைக்கூட நான் பார்க்கவில்லை. சூரை மீனை அவித்து, புகை போட்டு, காயவைத்து மரக்கட்டை மாதிரி ஆக்குகிறார்கள். நம்ம ஊரில் மாசிக் கருவாடு என்று வாங்குவது அதைத்தான். அவர்கள் பாஷையில் மீனுக்குப் பெயர் 'மஸ்'.

இனி தண்ணீருக்கு வருவோம். தீவில் கிணறு உண்டு. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 சென்டிமீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இறைத்து இறைத்து மேலே 1 சென்டிமீட்டர் குறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 சென்டிமீட்டர் ஏறி வந்துவிடுமே! 2004 சுனாமியில் பல தீவுகளின் கிணறுகள் உப்பாகிப் போயின. அதனால் குடிப்பதற்கு மழைநீர்த் தொட்டி. அதை விட்டால் மாமாவின் மெஷின்.

முதலாண்டு கெமிஸ்ட்ரியில் எதிர்ச் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதேதான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. சவ்வு வழியாகத் தண்ணீரை மட்டும் பிழிந்தெடுக்க 60 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு! உள்ளே போகிற தண்ணீரில் பாதிகூட நல்ல தண்ணீராக வெளியே வராது. மீதி கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்பும். அந்தப் பம்ப் ஓட மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், டீசலுக்குக் கப்பல். ஒரு குவளைத் தண்ணீருக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை அந்த உயர் அழுத்தப் பம்பின் சீல் போய்விட்டது. தொட்டியில் ஒன்றரை நாள் தண்ணீர்தான் மிச்சம். சீல் மாலேயிலிருந்து வரவேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று, கடல் கொந்தளிப்பு, படகு கிளம்பவில்லை. "ஏலே மருமவனே, பரீட்சைல பன்னெண்டு மார்க்குக்கு எழுதினியே, எங்க ஒழுகுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார் மாமா. எனக்குச் சீல் எந்தப் பக்கம் இருக்கும் என்றே தெரியவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து, தலைநகருக்கே தண்ணீர் நின்றுபோனதை மாமா அன்று ராத்திரி சொன்னார். நம்ம நாட்டிலிருந்து விமானப்படை விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் போயிருக்கிறது. "தலைநகருன்னா பிளேன் வரும். இந்தத் தீவுக்கு யாருலே வருவா?" என்றார்.

மறுநாள் மத்தியானம் குழாய் நின்றது. பள்ளிவாசல் மழைத் தொட்டியில் வரிசை. அடித்துப் பிடிக்காமல், வீட்டுக்கு ஒரு கேன் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் நிலைய வாசலுக்கு மணிக்கொரு தரம் வந்து "ஃபென்?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஃபென் என்றால் தண்ணீர். நான் கையை விரிப்பேன்.

பதினோராம் நாள் விடியற்காலை தோனி வந்தது. மாமா சீலை மாட்டி முடிக்க மூன்று மணி நேரம். முதலில் வந்த தண்ணீரைத் தொட்டிக்கு விடவில்லை. மீட்டரில் உப்பு இறங்கும்வரை அப்படியே கடலுக்கு ஓடவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஒரு குவளை பிடித்துக் குடித்துப் பார்த்து, மீதியை என்னிடம் நீட்டினார். வாசலில் அந்தப் பையன் நின்றிருந்தான். குவளையை அவனிடம் கொடுத்தேன்.