ஆடாத மேசை

மழை விடாமல் பெய்கிறது. தெற்கு அந்தமானில் ஒரு வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சாய்ப்பு. அதுதான் தச்சரின் பட்டறை.

தச்சர் ஜன்னல் சட்டத்தில் துளை போடுகிறார். சட்டம் ஒரு பழைய சாப்பாட்டு மேசையின் மேல் கிடக்கிறது. கொட்டாப்புளியால் ஓர் அடி அடித்தால் மேசை ஆடுகிறது. சட்டம் நகர்கிறது.

"தம்பி, இந்தப் பக்கம் வந்து கெட்டியாப் பிடி" என்று மகனைக் கூப்பிடுகிறார். மகன் இரண்டு கைகளாலும் பிடிக்கிறான். அடுத்த அடியில் உளி வழுக்குகிறது. மகனின் விரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

"என்னங்க இது! பிள்ளை விரல் போயிருக்குமே!" என்று மனைவி ஓடி வருகிறார்.

தவறு யாருடையது? உளி கூர்மையாகத்தான் இருக்கும். பையனும் சொன்னபடிதான் பிடித்தான். ஆடுகிற மேசைதான் காரணம்.

தரையா, மேசையா?

நம் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மரத்தைக் காலால் மிதித்துப் பிடிப்பார்கள். அதற்கு நல்ல பழக்கம் வேண்டும். ஆனால் நாள் முழுதும் குனிந்தால் இடுப்பு வலிக்கும். முழங்கால் தேயும். பாதமும் உளிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

நின்று வேலை செய்தால் உடம்பின் எடையும் இழைப்புளியைத் தள்ள உதவும். அதற்கு மேசை அசையாமல் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசை அதைத் தாங்காது. வேலைக்கென்றே ஒரு தச்சு மேசை வேண்டும்.

மரம் எங்கிருந்து?

அந்தமானுக்குப் பேர்போன மரம் படாக். இது நம் வேங்கை மரத்தின் இனம். சிவப்பு நிறம். கனமானது. குர்ஜன் மரமும் இங்கே கட்டட வேலைக்குப் பயன்படுகிறது. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அதை ஒட்டிய சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலை உள்ளது. அது வனத்துறையின் ஆலை.

தீவைச் சுற்றிக் காடு இருக்கிறது. அதற்காக நாமே போய் மரம் வெட்டலாமா? கூடாது. 2002-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது.

கடற்கரையில் ஒதுங்கிய மரத்தை எடுக்கலாமா? அதுவும் கேட்காமல் எடுக்கக் கூடாது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இதைப் பற்றியும் சொல்கிறது. கரை ஒதுங்கிய மரத்துக்கு உரியவர் இன்னார் என்று நிரூபிக்கும் வரை அது அரசின் சொத்தாகவே கருதப்படும்.

ஆகவே மரத்தை விலைக்கு வாங்குங்கள். ரசீது கேளுங்கள். அதில் மர வகையும் அளவும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பழைய வீட்டைப் பிரித்த மரமும் நல்லதே. அது ஏற்கெனவே காய்ந்திருக்கும். ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். செல் அரித்த துண்டை ஒதுக்குங்கள்.

எவ்வளவு மரம்?

மரத்தைக் கன அடியில் விற்பார்கள். கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுங்கள். நீளத்தை அடியில் எடுங்கள். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுங்கள்.

5 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள மேசைக்கு இவை வேண்டும்:

கால் 4: 4 × 4 × 2½ = 40. நான்குக்கு 160.
குறுக்குச் சட்டம் 4: 4 × 2 × 2 = 16. நான்குக்கு 64.
நெடுக்குச் சட்டம் 4: 4 × 2 × 4 = 32. நான்குக்கு 128.
மேல் பலகை 3: 8 × 2 × 5 = 80. மூன்றுக்கு 240.

மொத்தம் 592. இதை 144-ஆல் வகுத்தால் 4 கன அடிக்குச் சற்று அதிகம். கடைக்காரர் 6 கன அடி என்று சொன்னால், "எப்படி?" என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்தவரை ஏமாற்ற முடியாது.

இந்த மேசையின் உயரம் 32 அங்குலம். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே உங்களுக்கு ஏற்ற உயரம். அதற்குத் தக்கபடி காலைக் கூட்டிக் குறைக்கலாம்.

எப்படிச் செய்வது?

முதலில் இரண்டு பக்கச் சட்டகங்களைச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், இரண்டு குறுக்குச் சட்டம். குறுக்குச் சட்டத்தை 1¾ அடிக்கு அறுங்கள். இரு முனையிலும் 2½ அங்குல நீளத்துக்குக் கழுந்து எடுங்கள். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். காலில் அதற்கேற்ற துளை போட்டுப் பசையிட்டு இறுக்குங்கள்.

மேல் குறுக்குச் சட்டம் காலின் உச்சியோடு சமமாக இருக்க வேண்டும். அதன் கழுந்தில் மட்டும் மேல் ஓரத்தை ஓர் அங்குலம் குறையுங்கள். இல்லாவிட்டால் காலின் தலை பிளக்கும். கீழ்க் குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 6 அங்குலம் மேலே வரட்டும்.

அடுத்து, நெடுக்குச் சட்டங்களால் இரண்டு சட்டகங்களையும் இணையுங்கள். இங்கே பசை வேண்டாம். சட்டத்தின் முனையில் அரை அங்குலக் கழுந்து போதும். போல்ட்டுப் போட்டு நட்டால் இறுக்குங்கள். மரம் காய்ந்து மூட்டுத் தளர்ந்தால் மறுபடி முடுக்கலாம். கழற்றி வேறு இடத்துக்கும் கொண்டு போகலாம்.

ஓர் எச்சரிக்கை. நெடுக்குச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒரே மட்டத்தில் வரக் கூடாது. வந்தால் போல்ட்டுத் துளை கழுந்தை வெட்டிவிடும். கீழே, குறுக்குச் சட்டத்துக்கு மேல் நெடுக்குச் சட்டம் வரட்டும். மேலே, குறுக்குச் சட்டத்துக்குக் கீழ் வரட்டும்.

முடுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டகம் கோணல் இல்லை.

கடைசியில் பலகைகளை வையுங்கள். ஒவ்வொரு பலகையின் இரு முனையிலும் ஒரு போல்ட்டுப் போடுங்கள். அதைக் குறுக்குச் சட்டத்தோடு முடுக்குங்கள். போல்ட்டின் தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். மேலே துருத்தினால் இழைப்புளியின் வாய் உடையும்.

மழையும் உப்புக் காற்றும்

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரத்தில் மரம் அகலத்தில் ஊதும். வெயிலில் சுருங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள வறண்ட மாதங்களில் செய்தால் பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். பலகைகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டாம்.

உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுப் போட்ட போல்ட்டு வாங்குங்கள். மரத்தின் வெட்டு முனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதனால் காலின் அடியில் பெயின்ட் பூசுங்கள். கல்லின் மேல் பழைய டயர்த் துண்டை வைத்து அதன் மேல் காலை நிறுத்துங்கள். ஈரமும் செல்லும் எளிதில் ஏறாது. மேசையும் வழுக்காது.

கனமான கருவிகளை மேசையின் கீழ்த்தட்டில் வையுங்கள். தலைக்கு மேல் அடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் பூமி அதிர்ந்ததை இந்தத் தீவுகள் மறக்கவில்லை.

பிடிக்க ஆள் வேண்டாம்

மேசையின் மேல் ஒரு கட்டையைத் திருகாணியால் இறுக்குங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு கட்டையைச் சாய்வாக இறுக்குங்கள். நடுவே சட்டத்தை வைத்து, மீதி இடைவெளியில் ஓர் ஆப்பை அடியுங்கள். சட்டம் அசையாது. துளை போடும் இடம் மேசைக் காலுக்கு நேர் மேலே இருக்கட்டும். அடியின் பலம் முழுவதும் உளிக்குப் போகும்.

இப்போது அந்தச் சாய்ப்பில் தச்சர் நிமிர்ந்து நின்று துளை போடுகிறார். ஆப்பு சட்டத்தைப் பிடித்திருக்கிறது. உளியின் முன்னால் யாருடைய கையும் இல்லை. மகன் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் பென்சில்.

"அடுத்த சட்டத்துக்கு எவ்வளவு மரம் வேணும், தம்பி?" என்று அப்பா கேட்கிறார்.

"இருங்கப்பா, பெருக்கிச் சொல்றேன்" என்கிறான் மகன்.