ஓடுபவனின் வட்டமும் நெசவாளியின் பாதையும்

எடின்பரோ நகரின் ஹோலிரூட் பூங்காவில் ஆர்தர்ஸ் சீட் என்றொரு குன்று. அணைந்துபோன எரிமலை, உயரம் 251 மீட்டர். அதைச் சுற்றி நான் ஓடிய வட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.

வட்டத்தில் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம். கணக்குப்படி மிச்சம் பூஜ்யம். உடம்பு இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது. ஏற்றத்தில் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. மூச்சு வாங்குது, அவ்வளவுதான். இறக்கத்திலோ தொடைத்தசை, நீண்டுகொண்டே விழும் எடையைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். நுண்ணிய சேதம் அதிகம் நேர்வது அப்போதுதான். வலி மறுநாள் வரும். மாடிப்படி இறங்க முடியாது. எட்டைக் குறுக்கி, பின்னால் சாயாமல் இறங்கச் சொல்வது இதனால்தான்.

அங்கே சாலிஸ்பரி பாறைச்சுவரை ஒட்டி ஒரு பாதை தெரியும். பெயர் 'ராடிக்கல் ரோடு'. 1820இல் ஸ்காட்லாந்தில் அரசியல் சீர்திருத்தம் கேட்டு நெசவாளர்களும் கைவினைஞர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். பின்னர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் யோசனைப்படி, வேலையிழந்த நெசவாளர்களைக் கொண்டு போடப்பட்டது இப்பாதை. கலகம் செய்த வர்க்கத்துக்கு அளிக்கப்பட்ட 'நிவாரணம்'! பாறை சரிந்து 2018இல் அதை மூடினார்கள். கீழிருந்து பார்த்தபடிதான் ஓடினேன்.

என் வலி நானே தேடிக்கொண்டது. ரெண்டு நாளில் ஆறிவிடும். தறியை விட்டுக் கல் சுமந்தவனுக்கு அந்தத் தேர்வு இருந்ததா? உடலை ஓய்வின் பொருளாக மட்டும் பேசுகிற நாம் இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடிவிட முடியாது, தோழர். ஏறியதையும் இறங்கியதையும் கழித்தபிறகும் பாதை மிஞ்சி நிற்கிறது. அதைப் போட்டவர்கள் பெயர் அதில் இல்லை.