உடற்பருமனும் மறு சத்திரசிகிச்சையும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக வயிற்றிற் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் ஒருவர், அதற்கு முன்னர் பல வழிகளையும் முயன்று பார்த்தவராகவே பெரும்பாலும் இருப்பார். பட்டினி கிடந்திருப்பார், காலையும் மாலையும் நடந்திருப்பார், குறைந்த நிறை மீண்டும் ஏறக் கண்டு மனஞ் சோர்ந்திருப்பார். இதுவே இறுதி வழி என்று எண்ணி வைத்தியசாலைக் கட்டிலில் ஏறும் அவருக்கு, அவ்வழியும் எதிர்பார்த்த பயனைத் தராவிடின் உண்டாகும் வேதனை சாதாரணமானதன்று. "வயிற்றை வெட்டியும் வாயைக் கட்ட முடியவில்லையே" என்று அயலார் பேசும் பேச்சு அவ்வேதனையை இரட்டிப்பாக்கும். வெட்கத்தினால் வைத்தியரை மீண்டும் நாடாது ஒதுங்கிவிடுவோர் பலர். வேறு சிலர், எவ்வாறாயினும் இரண்டாவது முறை கத்தியை வைத்துவிட வேண்டுமென்று அவசரப்படுவர். ஒதுங்குவதும் தீது, அவசரப்படுவதும் தீது. முதற் சிகிச்சை எதனால் பயன் குன்றியது என்பதைக் கண்டறிந்த பின்னரே, இரண்டாவது சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பேச முடியும்.

முதலில், பயன் குன்றியது என்பது உண்மைதானா என்று பார்த்தல் வேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமும் 120 கிலோகிராம் நிறையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நிறையை உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்து வரும் உடற்றிணிவுச் சுட்டி இவருக்கு ஏறக்குறைய 47 ஆகும். இச்சுட்டியை 25க்கு இறக்குவதாயின் அவர் 64 கிலோகிராமுக்கு வருதல் வேண்டும். ஆகவே அவரிடமுள்ள மிகை நிறை 56 கிலோகிராம். சத்திரசிகிச்சையின் பின் ஒன்றரை ஆண்டில் அவர் 80 கிலோகிராமுக்கு இறங்குகிறார், உறவினர் வியக்கின்றனர். ஐந்தாம் ஆண்டில் தராசு 90 என்று காட்டுகிறது. பத்துக் கிலோகிராம் திரும்பி வந்துவிட்டது. அறுபதுக்கு வரலாமென்று கனவு கண்டவருக்கு இது பெருந் தோல்வியாகவே தோன்றும். ஆனால் வைத்தியர் வேறு விதமாகக் கணக்கிடுவார். மிகை நிறையிற் பாதிக்கு மேல் நீங்கியிருக்கிறது. தொடக்க நிறையில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்திருக்கிறது. நீரிழிவுக்கு உண்ட மருந்து நின்று, குருதியமுக்கமும் தணிந்திருக்குமாயின், இதனைத் தோல்வி என்று எவரும் கூறார்.

இக்கணக்கு ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதன்று. சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வொன்றில், சத்திரசிகிச்சை பெற்ற 2,010 பேரையும் வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 2,037 பேரையும் வைத்தியர்கள் நெடுங்காலம் பின்தொடர்ந்து அவதானித்தனர். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் நிறையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 ஆயிற்று. இரைப்பைக்குப் பட்டி கட்டியோரில் 20 என்பது 14 ஆயிற்று. அஃதாவது, சிறிது திரும்பி வருதல் என்பது பலருக்கும் நேரும் பொதுவியல்பு. நோயாளி செய்த குற்றமன்று. அதே ஆய்வில் ஏறக்குறையப் பதினோராண்டுக் காலத்தில் வழமையான சிகிச்சை பெற்றோரில் 129 பேரும் சத்திரசிகிச்சை பெற்றோரில் 101 பேரும் இறந்தனர். அங்கு பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டது இன்று கைவிடப்பட்டுவிட்ட ஒரு பழைய முறையே என்பதும் குறிப்பிடத்தக்கது. நிறைகுறைந்த முறையும் உயிர்காத்தது.

நிறை ஏன் திரும்பி வருகிறது? உடல் தன் கொழுப்பை ஒரு சேமிப்பாகக் கருதிக் காத்துக்கொள்கிறது. கொழுப்புக் குறைந்ததும், கொழுப்பிலிருந்து சுரந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் லெப்ரின் என்னும் ஓமோன் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சம் வந்துவிட்டது என்று பொருள்கொள்கிறது. பசி மிகுகிறது, உடல் எரிக்கும் சக்தியும் சுருங்குகிறது. சத்திரசிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்குவதோடு நின்றிருந்தால் இப்போராட்டத்தில் வெகுவிரைவில் தோற்றிருக்கும். குடலின் வழியை மாற்றும்போது, போதும் என்ற உணர்வைத் தரும் குடலோமோன்கள் மிகுதியாகச் சுரப்பதனாலேயே அது நின்று பிடிக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் 1999இல் யப்பானிய அறிஞராற் கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்திற் சுரப்பது. அப்பாகத்தை வெட்டியகற்றுவது பசியைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய மாற்றம் எல்லா உடலிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. ஒரே வைத்தியர் ஒரே நாளில் ஒரே முறையிற் செய்த இருவரில் ஒருவர் 50 கிலோகிராமும் மற்றவர் 20 கிலோகிராமும் இழப்பது இதனாலேயாம்.

இனி, உண்மையாகவே சத்திரசிகிச்சையின் அமைப்பிற் பிழை நேர்வதும் உண்டு. அது ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு விதமானது.

இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிக் கட்டப்படும் சிலிக்கோன் பட்டி, தோலின் கீழ்ப் பதித்த சிறு கிண்ணத்தினூடாக நீரேற்றி இறுக்கவும் தளர்த்தவும் கூடியது. அது வழுக்கி இடம் மாறலாம், கசியலாம், ஆண்டுகள் செல்ல இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகவும் செய்யலாம். அமெரிக்க அரசு இப்பட்டிக்கு 2001இல் அங்கீகாரம் வழங்கிய பின் அது பெருவழக்காயிருந்தது. இன்று பல நாடுகளில் அதனைக் கட்டுவோர் மிகச் சிலரே. முன்னர் கட்டியவற்றைக் கழற்றுவதும் வேறு முறைக்கு மாற்றுவதுமே மறு சத்திரசிகிச்சைகளில் ஒரு பெரும் பங்காயின.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையின் ஏறக்குறைய முக்காற் பங்கை வெட்டியகற்றி எஞ்சியதைச் சட்டையின் கைபோன்ற நீண்ட குழாயாக்கும் முறையாகும். இக்குழாய் காலப்போக்கில் விரிவடையலாம். மேற்பாகம் முற்றாக அகற்றப்படாது எஞ்சியிருக்கலாம். இதனினும் பெருந்தொல்லை அமிலம் மேலேறி நெஞ்செரிவு உண்டாதலே. பின்லாந்தில் 240 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வெளிவந்தன. அவற்றின்படி, உணவுக்குழாயின் அழற்சி, குழாய் முறையைப் பெற்றோரில் நூற்றுக்கு 31 பேரிடமும், மாற்றுவழி முறையைப் பெற்றோரில் நூற்றுக்கு 7 பேரிடமும் காணப்பட்டது. மருந்துக்கும் அடங்காத நெஞ்செரிவுக்காக இரண்டாவது சிகிச்சை செய்வோர், நிறைக்காகச் செய்வோரைக் காட்டிலும் தெளிவான காரணம் உடையவர்கள்.

இம்முறையின் பிறப்பையும் இங்கு நினைத்தல் தகும். மிகப் பருத்த நோயாளிகளுக்கு நீண்ட சிகிச்சையை ஒரே முறையிற் செய்வது ஆபத்தாயிருந்தமையால், 2000ஆம் ஆண்டளவில் மிசேல் காஞே முதலிய சத்திர வைத்தியர்கள் இரைப்பையைக் குழாயாக்குவதை முதற் கட்டமாகவும், குடலின் வழியை மாற்றுவதை இரண்டாங் கட்டமாகவும் பிரித்தனர். முதற் கட்டத்திலேயே பலர் போதிய நிறை குறைந்தமையால் அதுவே தனிச் சிகிச்சையாயிற்று. ஆகவே, உடற்றிணிவுச் சுட்டி 55, 60 என்றிருந்த ஒருவருக்கு அது போதாமற்போனால் நாணுவதற்கு என்ன இருக்கிறது? இரண்டாங் கட்டம் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்ததுதானே.

மாற்றுவழி முறையின் தந்தை எனத்தக்கவர் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் மேசன். புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருக்கக் கண்டு, 1966இல் அவர் இச்சிகிச்சையைத் தொடங்கினார். இரைப்பையின் மேல்நுனியில் முட்டையளவான ஒரு பையைப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைப்பதே இன்றைய வடிவம். அப்பைக்கும் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்கும் இடையே ஒரு துளை மீண்டும் உண்டானால் உணவு பழைய வழியிற் செல்லத் தொடங்கும். பையும் குடலும் சேரும் வாயில் அகன்றுவிட்டால் உணவு தங்காது. உண்டவர்க்கு நிறைவு தோன்றாது. இவற்றை நோயாளி தாமாக அறிய முடியாது. பேரியம் பருகச் செய்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமும், வாய்வழியே குழாய் செலுத்தி உள்ளே நோக்கும் சோதனையுமே காட்டித் தரும்.

இச்சோதனைகளில் எப்பிழையும் தென்படாதாயின் சத்திர வைத்தியர் தம் கத்தியை ஒருபுறம் வைத்துவிட்டு, வேறு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஸ்ரெரொயிட், இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியன நிறையை ஏற்றுவன. அவற்றில் எதையேனும் புதிதாகத் தொடங்கினாரா? துக்கமோ துணையின் இழப்போ நேர்ந்ததா? நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கொறிக்கும் பழக்கம் வந்துவிட்டதா? சிறிய இரைப்பை ஒரு கோப்பைச் சோற்றைத் தடுக்கும். இனிப்புப் பானத்தையும் ஐஸ்கிறீமையும் தடுக்காது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்கு மதுபானம் வெகு விரைவிற் குருதியில் ஏறும் என்பதால் அது பற்றியும் கேட்பர். இவை குற்றஞ் சுமத்தும் கேள்விகளல்ல. விடையை மறைப்பவர் தமக்கே தீங்கு தேடுகிறார்.

சரி, மறு சத்திரசிகிச்சைதான் வேண்டுமென்று முடிவாயின் என்னென்ன வழிகள் உள? பட்டியைக் கழற்றிச் சில மாதம் பொறுத்து மாற்றுவழிக்கோ குழாய் முறைக்கோ மாற்றலாம். குழாய் இரைப்பையை மாற்றுவழியாக்கலாம். நெஞ்செரிவுடையோருக்கு அதுவே உகந்தது. அதே குழாயோடு சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் முறை கூடிய நிறையைக் குறைக்கும்; சத்துக் குறைவையும் கூட்டும். எல்லாவற்றிலும் கடினமானது முன்னரே மாற்றுவழி செய்தவரின் நிலையே. அகன்ற வாயிலை உள்ளிருந்தே தைத்து ஒடுக்கலாம், பையைச் சிறிதாக்கலாம், இவற்றின் பயன் பெரும்பாலும் சிறியது. ஒதுக்கப்படும் குடலின் நீளத்தை மேலும் கூட்டுவது நிறையை நன்கு குறைக்கும். ஆனால் அங்கேதான் பழைய பாடமொன்று நினைவுக்கு வருதல் வேண்டும்.

1954இல் மினசோட்டாவைச் சேர்ந்த வைத்தியர்கள் நாய்களிற் குடலை ஒதுக்கி ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். 1960களின் இறுதியிற் கலிபோர்னியாவில், ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் குடலை மட்டுமே உணவு செல்ல விட்டு எஞ்சியதையெல்லாம் ஒதுக்கும் முறை பரவிற்று. நோயாளர் மெலிந்தனர். ஆயினும் ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், ஈரல் கெடுதல் என்பன தொடர்ந்தன, சிலர் இறந்தனர். பலருக்குக் குடலைப் பழைய நிலைக்கு மீட்க வேண்டியதாயிற்று. மீட்டவர்களின் நிறையும் மீண்டது. இன்று குடலை நீளமாக ஒதுக்க முற்படும் எவரும், புரதக் குறைவினால் வீங்கிய கால்களோடு திரும்பி வரும் நோயாளியை மனக்கண்ணிற் காணுதல் நன்று.

ஆபத்தின் அளவையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் முதன்முறை சத்திரசிகிச்சை பெற்ற 4,776 பேரை அவதானித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். மறு சிகிச்சையில் ஆபத்து இதனினும் கூடியதென்றே கொள்ள வேண்டும். முதல் வெட்டினால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குருதியோட்டம் ஏற்கனவே குறைக்கப்பட்டிருக்கும். தழும்பேறிய திசுவிற் தையல் எளிதில் ஆறாது. தையல் விட்டு இரைப்பைநீர் வயிற்றுக்குள் கசிதலே வைத்தியர் பெரிதும் அஞ்சுவது. இத்தனைக்கும், நிறையின் பொருட்டுச் செய்யும் இரண்டாவது சிகிச்சையின் பயன் பெரும்பாலும் முதலாவதினும் குறைவாகவே அமையும்.

அண்மைக் காலத்திற் கத்திக்கு வெளியே ஒரு வழி திறந்திருக்கிறது. குடலோமோனை ஒத்த மருந்துகளான செமகுளுரைட்டும் ரிர்செப்பரைட்டும் சத்திரசிகிச்சை பெறாதோரிடத்து 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் முறையே ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கும், உயர்ந்த அளவில் 21 பங்கும் நிறையைக் குறைத்தன. சத்திரசிகிச்சைக்குப் பின் பயன் குன்றிய 70 பேருக்கு இதே இனத்தைச் சேர்ந்த லிராகுளுரைட்டை இலண்டனிற் கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெற்றோர் 24 வாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கை இழந்தனர். வெறும் ஊசி பெற்றோர் அரைப் பங்களவே இழந்தனர். இதன் முடிவு 2023இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தினால் நிறை திரும்பும் என்பதும், விலை எல்லார்க்கும் எட்டுவதன்று என்பதும் உண்மை. எனினும், அமைப்பிற் பிழையின்றி நிறை மட்டுமே ஏறிய ஒருவர், இம்மருந்தைப் பற்றிக் கேட்காமலே மேசையில் ஏறுவது அறிவுடைமையாகாது.

மறு சிகிச்சை பற்றி ஆலோசிக்கச் செல்பவர், முதற் சிகிச்சை நடந்தபோது வைத்தியர் எழுதிய குறிப்பைத் தேடிப் பெற்றுச் செல்வாராக. எவ்வளவு குடல் ஒதுக்கப்பட்டது, பை எவ்விதம் பிரிக்கப்பட்டது என்பன அதிலேதான் இருக்கும். இரும்பு, விற்றமின் பீ12, விற்றமின் டீ, தயமின் ஆகியவற்றின் குருதிச் சோதனையும் முன்கூட்டியே செய்யப்படல் வேண்டும். குறைவோடு மேசையிற் கிடத்துவது கூடாது. பிள்ளை பெறும் எண்ணமுடைய பெண், மறு சிகிச்சையின் பின்னும் முதல் முறை போலவே ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை பொறுத்திருத்தல் வேண்டும். இதனை வைத்தியர் கூற மறந்தாலும் அவர் கேட்டறிதல் நலம்.