மீன் தொட்டிக்கு உறை ஊற்றுதல்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்களை நீந்தவிட்டுக் கண்டு களிக்கும் வழக்கம் இன்று நம் நகரங்களெங்கும் பரவியிருக்கிறது. கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தையிலும், மும்பையின் கிராபோர்டு சந்தையிலும், சென்னைக் கொளத்தூரிலும் தொட்டி வாங்கச் செல்வோர்க்குக் கடைக்காரர் ஒரு சிறு புட்டியையும் எடுத்துக் கொடுப்பதுண்டு. “இதில் நல்ல பாக்டீரியா இருக்கிறது, தண்ணீரில் ஊற்றிவிட்டு இன்றைக்கே மீனை விடலாம்” என்பார் அவர். வீட்டிலுள்ள சிறுவர் மீன்களுக்குப் பெயரும் சூட்டிவிடுவர். ஆயினும் நான்கைந்து நாட்களில் அம்மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பதையும், ஒன்றன்பின் ஒன்றாக மடிவதையும் காண நேரிடுகிறது. நீரோ பளிங்கு போல் தெளிந்திருக்கும். அவ்வாறெனில், அப்புட்டி பொய்யா? அன்று, ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

மீன் ஏன் மடிகிறது என்பதை முதலில் காண்போம். உண்ட உணவின் புரதத்திலிருந்து எஞ்சும் நைட்ரஜனை மீன் பெரும்பாலும் அம்மோனியாவாக மாற்றித் தன் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விடப்பட்ட இரையும் அழுகி அம்மோனியாவையே தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்து மறையும். தொட்டியிலோ அந்த நஞ்சுக்குப் போக்கிடம் இல்லை. அதனை அகற்றுபவை இருவகை நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் குருதியைப் பழுப்பு நிறமாக்கி, உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றலைக் குன்றச் செய்வது. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு; அவ்வப்போது ஒரு பகுதி நீரை மாற்றினால் அதுவும் நீங்கும். புதிய தொட்டியில் இவ்விரு வகை உயிர்களும் போதிய அளவில் இரா. அவை தாமே வந்து வடிகட்டியிலும் மணலிலும் பற்றிப் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

இவ்வுண்மை புலப்பட்ட வரலாறு சுவையானது. 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் அறிஞர் இருவர் மணல் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் செலுத்தி வந்தனர். சில வாரங்கள் கழித்தே கழிவுநீரின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. பின்னர் அவ்வாவியை நீக்கிச் சிறிது தோட்டமண் கரைந்த நீரை ஊற்ற, மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. எனவே இது உயிர்களின் செயல் என்பது தெளிவாயிற்று. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் ஹோவனெக் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் காட்டினர்.

அன்று ஊற்றிய தோட்டமண் நீருக்கும் இன்றைய புட்டிக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. இரண்டும் பாலில் நாம் ஊற்றும் உறைமோர் போன்றவை. ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. தயிர் ஓரிரவில் உறைந்துவிடும். இவ்வுயிர்களோ ஒருமுறை இரட்டிக்கவே பல மணி நேரமும், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்வன. ஆகவே புட்டி காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும். அறவே நீக்கிவிடும் என எண்ணுதல் கூடாது.

மேலும், உறை உயிருள்ளதாக இருத்தல் வேண்டும். இவ்வுயிர்கள் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் வித்துகளை உண்டாக்குவன அல்ல. மே மாதத்தில் தில்லியிலோ நாகபுரியிலோ 40 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் வண்டியில் கிடந்து வந்த புட்டியில் உயிர் எஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உறைந்து போவதும் கேடே. குளிர்ந்த இடத்தில் வைத்து விற்கும் கடையில், காலாவதி நாள் பார்த்து வாங்குக. புட்டியின் மேல் பாசில்லஸ் என்று மட்டும் எழுதியிருப்பின், அது கழிவைச் சிதைக்கும் வேறு வகை. மேற்சொன்ன இருவகை உயிர்களின் இடத்தை அது நிரப்பாது.

இனிச் செய்முறை. குழாய்நீரிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வது போலவே இவ்வுயிர்களையும் கொல்லும். ஆதலின் அதனை முறிக்கும் மருந்தை முதலில் இடுக. பின்பு வடிகட்டியை ஓடவிட்டு, புட்டியை நன்கு குலுக்கி ஊற்றுக. உயிர்களுக்கு இரை வேண்டுமன்றோ? மீனை விடுவதற்கு முன், மருந்துச் சாமான் கடையில் கிடைக்கும் தூய நவச்சாரத்தை 100 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 0.6 கிராம் கரைத்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா உண்டாகும். நிறத்தால் அளவு காட்டும் சோதனைத் துளிகள் மீன் கடைகளிலேயே உண்டு. இட்ட அம்மோனியாவும், அதிலிருந்து தோன்றும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் இரண்டுமே மறைந்தால் தொட்டி ஆயத்தம். அம்மோனியா மறைந்து நைட்ரைட்டு நின்றால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். ஆயத்தமானபின் பாதிக்கு மேல் நீரை மாற்றி, மீன்களைச் சிலசிலவாக விடுக. வட இந்தியக் குளிர்காலத்தில் நீர் குளிர்ந்தால் இவ்வேலை தாமதப்படும். 25 முதல் 30 பாகை வெப்பம் ஏற்றது.

புட்டியினும் சிறந்த உறை ஒன்று உண்டு. அதற்கு விலையும் இல்லை. அண்டை வீட்டில் நோயற்ற பழந்தொட்டி இருக்குமாயின், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டுப் பெற்று, ஈரம் உலராமல் கொணர்ந்து நம் வடிகட்டியில் வைத்தல் போதும். புதிய ஊருக்குக் குடிவந்ததும் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிய நமக்கு இதுவும் கைவந்த முறையே. மாற்றலாகி வேற்றூர் செல்வோர் தம் பழைய பஞ்சைக் குழாய்நீரில் அலசிவிடாமல், தொட்டி நீரில் நனைத்து, சற்றுக் காற்றும் இருக்குமாறு பையிலிட்டு எடுத்துச் செல்லலாம். ஓரிரு நாட்களில் போய்ச் சேர்ந்து அதனைப் புதிய தொட்டியில் இட்டால், அங்கும் மேற்கூறிய சோதனையைச் செய்து, துளிகள் சம்மதம் சொன்ன பின்னரே மீனை விடுக.