உங்களுக்குத் தெரியுமா? – தொட்டால் ஆடியே ஆகணும்!

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், 2022இல் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கிராண்ட்மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பாலஸ்தீன அணியில் ஆடிய ராண்டா செடருக்கு வயது 8! போட்டியிலேயே இளையவர். அப்பாவிடம் ஆடிப் பழகியவர், கொமொரோஸ் வீராங்கனையை 39 நகர்த்தலில் தோற்கடித்தார்.

கத்துக்குட்டிக்குக் கத்துக்குட்டி எப்படி ஜோடி சேர்கிறது? ஸ்விஸ் முறை. முதல் சுற்றில் தரவரிசையின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு மோதும். உதை வாங்கியவர்கள் அடுத்த சுற்றில் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். தோற்றவரும் வெளியேற வேண்டியதில்லை என்பதால், உள்ளூர் போட்டிகளுக்கும் இதுவே வசதி.

திண்ணை ஆட்டத்தில் “இரு இரு, பார்க்கலை” என்று காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் நடக்காது. வெட்டுப்படப் போகிற குதிரையைத் தொட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் சிப்பாய் மீது விரல் தாவினாலும் பயனில்லை. குதிரைக்கு ஒரு வழி இருந்தால் அதைத்தான் நகர்த்தணும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிகிற பட்சத்தில் வெட்டியே ஆகணும். கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமா? உங்கள் முறை வரும்போது, முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கை வையுங்கள். புதிதாக ஆட வருபவர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்தணும். ஒரு கை காயில், மறு கை கடிகாரத்தில் என்ற வேலையெல்லாம் கூடாது.

எதிராளியிடம் ராஜா மட்டும் மிச்சம், உங்களிடம் ராணியும் இரண்டு யானையும். செக் வைக்காமலே ராஜா நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால்? டிரா! அரைப் புள்ளிதான். அவர் சிரித்தபடி கை கொடுப்பார், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கை தவறுவது நமக்கு மட்டுமல்ல. அதே மாமல்லபுரத்தில் முதல் 8 ஆட்டங்களையும் வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக, கையில் இருந்த வெற்றியைக் கோட்டைவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, குகேஷ் ஆடிய இந்திய ‘பி’ அணிக்கு வெண்கலம். அதே குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாத இளவரசியை, கிழவர் வேடத்தில் வந்து ஜெயித்து மணந்துகொண்டாராம். அந்த ஆட்டத்தில் நடுவர் இருந்ததாகத் தலபுராணம் சொன்ன மாதிரி தெரியவில்லை!